கடைத்தெருப் படமும் கம்பிச் சடக்கும்



பழைய கோலாலம்பூரின் கடைத்தெருப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனத்தார் எடுத்தவையும் அவற்றில் உண்டு. இருபுறமும் மாடிக் கடைவீடுகள், நடுவில் மண்சாலை. "அழகான படம்"னு எழுதிட்டா அது மதிப்புரை ஆகாது. படம் எதைச் சொல்லுது, எதை விட்டுடுது? ரெண்டையும் கேட்கணும்.

முதலில் கூரையைப் பாருங்கள். 1881-இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தன. அதற்குப் பிறகுதான், ஸ்வெட்டன்ஹாம் காலத்தில், அத்தாப்புக் கூரைகள் போய்ச் செங்கல் சுவரும் ஓடும் வந்தன. தெரு முழுக்க ஓட்டுக் கூரை தெரிந்தால், படம் 1880-களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது என்று துணிந்து எழுதலாம். 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றுப் படகை நம்பியிருந்த ஈயம் ரயிலேறியது. தெருவின் செழிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இனி, விட்டுப்போனது. அந்தக் கம்பிச் சடக்கைப் போட்ட கைகள் எங்கே? தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த நம்மவர் பலர் மலாயா தண்டவாளங்களில் உழைத்தார்கள். ஆனால் கேமரா நின்றது கடைத்தெருவில். அங்கே கடை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஆல்பம் வாங்கியவர்களில் ஐரோப்பியப் பயணிகளும் அதிகாரிகளும் அதிகம். ஒழுங்கான தெரு விலைபோகும். கூலி லயம் விலைபோகுமா? அந்தக் காலத் தகட்டில் நடந்து போகிறவர் பல சமயம் மங்கலாகத்தான் பதிவார். ஆகவே, "படத்தில் இல்லை, அதனால் ஊரிலும் தமிழர் இல்லை" என்று எழுதுவது பெரும் பிழை.

என் மதிப்பீடு இது: கட்டடங்களுக்கு இப்படங்கள் நல்ல சான்று, மனிதர்களுக்கு அரைச் சான்றுதான்.

செடெனாக் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. நம் ஊர் வழியாகப் போகும் கெமாஸ்–ஜொகூர் பாரு தடம் 1909-இல் நிறைவு பெற்றது. மாணவர்களை நம் கடைத்தெருவில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க. பிறகு, அதில் விழாத மூன்று பேரைப் பற்றி எழுதச் சொல்லுங்க. தோட்டத்துல பால் வெட்டுன பாட்டி கட்டாயம் வருவார்.

தேர்வில் இப்படி முடிக்கலாம்: "இப்படம் தெருவைக் காட்டுகிறது, தெருவை உருவாக்கிய உழைப்பைக் காட்டவில்லை."