மூன்றாவது டப்பாவை எங்கே வைப்பது?

ஒரு பூனை இருக்கும் வீட்டில் இரண்டாவது பூனைக்காக நடக்கும் வாதத்தைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் நானே வாதாடியும் இருக்கிறேன். எங்கே போனாலும் வசனம் ஏறக்குறைய ஒன்றுதான். "பாவம், அதுக்கு ஒரு துணை வேணாமா?" "ஒண்ணுக்கு ஆகுற செலவுதானே, கூட ஒரு பிடி." "எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்." "ஒரு வாரம் வெச்சுப் பாக்கலாங்க, பிடிக்கலேன்னா குடுத்துடலாம்." கேட்பது மனைவியோ கணவரோ, பாட்டு மாறுவதில்லை. இந்த வாதங்களில் எது நிற்கும், எது விழும் என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அழுகையிலோ சமாதானத்திலோ முடிந்துவிடுகிறது. நான் பார்க்கிறேன். வாதி நானே என்பதால் தராசு என் பக்கம் கொஞ்சம் சாயலாம், கவனித்துக்கொள்ளுங்கள்.

வழக்கின் விவரம் இது. சென்னையில் மூன்றாவது மாடி, 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை. மிளகு, ஆறு வயது, கறுப்பு, கருத்தடை செய்த கடுவன். கீழே பார்க்கிங்கில் ஒரு தாய்ப்பூனை, அதற்கு இரண்டு மாதக் குட்டிகள் இரண்டு. அவற்றில் சாம்பல் நிறக் குட்டி என் செருப்பின் மேல் படுத்துத் தூங்கியது. அதோடு என் நடுநிலை போயிற்று. என் கணவர் மாடிப்படியிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "பேரு மட்டும் வெச்சிடாத."

முதலில் 'துணை' வாதம். இதுதான் எல்லாருடைய முதல் ஆயுதம், வலுவானதாகத் தோன்றுவதும் இதுவே. ஆனால் பூனை நாய் இல்லை. நாயின் மூதாதை கூட்டமாக வேட்டையாடிய ஓநாய். வீட்டுப் பூனையின் மூதாதையோ தனியாக எலி பிடித்துத் தனியாகத் தின்ற காட்டுப்பூனை. ஓர் எலியைப் பிடிக்க நாலு பேர் தேவையில்லை, பிடித்தால் நாலு பேருக்குப் பங்கு வைக்கவும் அதில் ஒன்றுமில்லை. அந்த உடம்பும் அந்தப் புத்தியும்தான் இன்றைக்கு நம் சோபாவில் படுத்திருக்கின்றன.

இதைச் சொன்னால் உடனே பதில் வரும்: "மீன் மார்க்கெட்டுல பத்துப் பூனை ஒண்ணாத்தானே கிடக்கு?" கிடக்கிறதுதான். சாப்பாடு ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் பூனைகள் கூடி வாழும். ஆனால் அந்தக் கூட்டத்தின் அச்சு அம்மா, மகள், சித்தி, பேத்தி என்ற பெண்வழிச் சொந்தம். ஒருத்தி குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பதுகூட உண்டு. வெளியூர்ப் பூனை நுழைந்தால் துரத்தல்தான். ஆகவே பூனை தனிமை விரும்பி என்பதும் பாதி உண்மை, துணைக்கு ஏங்கும் என்பதும் பாதி உண்மை. யார் துணை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூனைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளில் ஜோடிகளைக் கவனித்து பூனை ஆய்வாளர் ஜான் பிராட்ஷாவும் இன்னோர் ஆய்வாளரும் 1999இல் எழுதினார்கள். ஒரே ஈற்றில் பிறந்த ஜோடிகள் ஒட்டிப் படுப்பது அதிகம், சொந்தமில்லாத ஜோடிகளில் அது குறைவு. ஒரே வீட்டில் வாழ்ந்த ஜோடிகளாக இருந்தும் இந்த வேறுபாடு. 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், புதுப் பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தொடக்கத்தில் கீறலும் கடியுமாகச் சண்டை நடந்ததாகச் சொன்னார்கள். பாதிக்குப் பாதி என்றால் நாணயம் சுண்டிப் பார்ப்பதுதான். சுண்டுவது நாம், கீறல் வாங்குவது பூனை.

என் தரப்பில் சாட்சியாகக் கைப்பேசி வீடியோக்களைக் கொடுத்தேன். இரண்டு பூனைகள் வால் பின்னித் தூங்கும், ஒன்றை ஒன்று நக்கும். அந்த வீடியோக்களில் பொய்யில்லை. நக்குவதும் உரசுவதும் ஒட்டித் தூங்குவதும் உண்மையான நட்பின் அடையாளங்களே. ஆனால் படமெடுக்காமல் விட்ட மணி நேரங்களைப் பற்றி அவை பேசுவதில்லை. பூனைகளின் பகை பெரும்பாலும் சத்தம் போடாது. ஒன்று நடையில் படுத்துக்கொண்டு சும்மா பார்க்கும், இன்னொன்று மணல் டப்பாவுக்குப் போகாமல் திரும்பிவிடும். பார்ப்பவர் "எவ்வளவு சமத்தா இருக்குங்க பாருங்க" என்பார். பக்கத்துப் பக்கத்துத் தட்டில் தின்பதையும் நட்பு என்று நினைக்கிறோம். பசிக்கும்போது கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காருவோம், அதுபோலத்தான் அது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாலையில் மிளகு கதவடியில் கத்துவதைத் தனிமையின் அழுகை என்று வாதிட்டேன். அது சலிப்பாகவும் இருக்கலாம். சலிப்புக்கு மருந்து இன்னொரு பூனை இல்லை, கயிறு கட்டிய குச்சியோடு காலையும் மாலையும் கால்மணி நேரம் நான் தரையில் உட்காருவது. அதை ஒருநாளும் செய்து பார்க்காமல் துணை கேட்டிருக்கிறேன். இந்த இடத்தில் என் வாதம் முழுசாக விழுந்தது.

'ஒரு வாரம் வெச்சுப் பாக்கலாம்' கேட்க நியாயமாக இருக்கும். ஒரு வாரத்தில் என்ன தெரியும்? புதுக் குட்டியை முதல் பத்துப் பதினாலு நாள் தனி அறையில்தான் வைக்க வேண்டும். பார்வோ வகைக் கிருமியோ லுகீமியா வைரஸோ இருந்தால் பழைய பூனைக்கும் வந்துவிடும். ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் அந்த நாட்களில். அப்புறம் ஒன்றின் துணியை இன்னொன்றின் படுக்கையில் போட்டு வாசனை மாற்ற வேண்டும். மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வைக்க வேண்டும். கதவை ஒரு விரல் அளவு திறந்து, பிறகு ஒரு சாண் திறந்து, இரண்டும் நேரில் பார்ப்பதற்கே வாரங்கள் ஆகும். ஒரு வாரச் சோதனையில் பூனைகள் சந்திப்பதே இல்லை. அந்த வாரத்தில் சோதிக்கப்படுவது மறுப்பவரின் மனசு மட்டும்தான். எட்டாம் நாள் "சரி, கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று சொல்லக்கூடிய மனிதர் எத்தனை பேர்? அப்படிச் சொன்னவர்தான் வீட்டில் கல்நெஞ்சக்காரர் ஆவார். இது சோதனை இல்லை, பொறி. குட்டியை வாங்கிக்கொள்ள இன்னொரு வீடு கையில் தயாராக இருந்து, இரண்டு மாதம் என்று தேதி குறித்து நடத்தினால் மட்டும் இதை நேர்மையான வாதம் என்று ஒப்புக்கொள்வேன். பிறந்தநாள் பரிசாகக் கூடையில் கொண்டுவந்து வைப்பவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது வாதமே இல்லை.

'எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்.' எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு டப்பா மணலைச் சலிப்பவர் என் கணவர். மிளகு வந்தபோதும் நான் இதே வாக்குறுதியைத்தான் கொடுத்தேன். சாட்சி விசாரணை இத்தோடு முடிந்தது.

இரக்க வாதம் வேறு தரம். பார்க்கிங்கில் ஆறு கார் நிற்கிறது, குட்டி சக்கரத்தடியில் தூங்குகிறது. இதை எந்தத் தர்க்கமும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் யோசித்தேன். பெண்பூனை ஏறக்குறைய 65 நாள் சுமக்கும், வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுகூடப் போடும். நான் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தால் பார்க்கிங்கின் கணக்கு தீபாவளிக்குள் பழையபடி ஆகிவிடும். தாய்க்குக் கருத்தடை செய்தால் கணக்கே நிற்கும். இரக்கம் கேட்டது அதைத்தான், வீட்டுக்குள் இன்னொரு பூனையை அது கேட்கவில்லை. இரக்கத்தின் பெயரில் கேட்டது நான்.

மறுதரப்பையும் அப்படியே ஏற்க முடியாது. 'அசோசியேஷன்காரங்க என்ன சொல்வாங்க' என்றார் என் கணவர். செல்லப்பிராணியை வைக்கக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டுத் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்லியாகிவிட்டது. 'ஊருக்குப் போக முடியாது' என்றார். மிளகு வந்த நாளிலிருந்தே முடியவில்லை, வந்து பார்த்துக்கொள்பவருக்கு ஒன்றும் இரண்டும் ஒன்றுதான். முடி கொட்டும் என்பதெல்லாம் வாதக் கணக்கில் வராது. தும்மல் இருந்தால் கதை வேறு. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம்தான் அதற்குக் காரணம். இன்னொரு பூனை வந்தால் வீட்டில் அதுவும் கூடும். துணைவருக்கு ஒவ்வாமை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. என் கணவருக்கு அது இல்லை. 'செலவு' என்றார். எங்கள் கணக்கில் மிளகுக்கு மாதம் 2,600 ரூபாய். சாப்பாடு இரட்டிக்கும், மணலும் கூடும். இருந்தாலும் முடியாத தொகை இல்லை. நோட்டில் கூட்டிக் காட்டினேன். நோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி "செலவு" என்றார். அவர் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்தேன்.

பிறகு நானே எனக்குக் குழி தோண்டிக்கொண்டேன். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை மணல் டப்பா வைக்க வேண்டும் என்பது பூனை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒன்றுக்குச் சமம், ஏனென்றால் ஒரு பூனையே மூன்றுக்கும் காவல் உட்கார்ந்துவிடும். என் தயார்நிலையைக் காட்ட இதைச் சத்தமாகப் படித்தேன்.

"மூணாவத எங்க வைப்ப?"

டேப் எடுத்துக்கொண்டு இருவரும் வீட்டைச் சுற்றினோம். குளியலறையில் ஒன்று, வாஷிங்மெஷின் பக்கத்தில் ஒன்று ஏற்கெனவே இருக்கின்றன. பால்கனியில் மேற்கு வெயில், மழைக்காலத்தில் சாரல். ஹால் மூலையில் வைத்தால் வருகிறவர்கள் முகத்தில் அடிக்கும். "என் தலைமாட்டுலயா?" என்றார். பூஜை அலமாரிக்குக் கீழே அளவு சரியாக இருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். டேப்பைச் சுருட்டினேன்.

அன்றைக்கு ராத்திரிதான் கேட்டேன், "ஏங்க, செலவு செலவுன்னு எதச் சொல்றீங்க?"

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், நான் மதுரையில் அம்மா வீட்டில் இருந்தபோது, மிளகு டப்பாவில் பத்துத் தடவை உட்கார்ந்து ஒரு சொட்டும் வராமல் கத்தியிருக்கிறான். ஆண்பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போகும். இவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கிய தெருக்களில் ஆட்டோவில் போயிருக்கிறார். குழாய் போட்டு, மூன்று நாள் அங்கேயே வைத்து, 11,000 ரூபாய். பதற்றமும் இதற்கு ஒரு காரணம், வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு அப்போது ஃபோனில் சொன்னதெல்லாம், "இப்ப நல்லா இருக்கான்." 'செலவு' என்ற ஒரே சொல்லில் அந்த ராத்திரி மொத்தமும் இருந்திருக்கிறது. நான் அதை 2,600 என்று படித்தேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"செலவுன்னு சொன்னா புரிஞ்சிடும்னு நெனச்சேன்."

தீர்ப்புக்கு வருகிறேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டாவது பூனை வேண்டாம். வளர்ந்த, ஒருமுறை அடைப்பு வந்த கடுவனின் எல்லைக்குள், மூன்றாவது டப்பாவுக்கு இடமில்லாத வீட்டில், சொந்தமில்லாத குட்டியைக் கொண்டுவருவது மிளகுக்குச் செய்யும் நன்மை இல்லை. வேறு வீட்டுக்கு இதே தீர்ப்பு பொருந்தாது. முதல் பூனையே ஒரு வயதுக்குள் இருந்து, பூட்டி வைக்க ஓர் அறையும் இருந்தால் கேட்கலாம். அதைவிட நல்லது முதல் நாளே கேட்பது, ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டையும் சேர்த்து. துணை வாதம் உண்மையாக இருக்கும் காலம் அதுதான். நம்மில் பலர் ஐந்தாறு வருஷம் பிந்தி அதைக் கையில் எடுக்கிறோம். எங்கே கேட்டாலும் "சரி, உன் இஷ்டம்" என்ற பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது களைப்பு.

என் வாதங்களில் விழாமல் மிஞ்சியது நான் கடைசிவரை சொல்லாத ஒன்று: எனக்கு ஆசையாக இருந்தது. அதை மிளகின் வாயில் வைத்துப் பேசினேன். நேராகச் சொல்லியிருந்தால் தோற்றிருப்பேன், ஆனால் பத்து நாள் முன்னாலேயே தோற்றிருப்பேன்.

சாம்பல் குட்டியும் அதன் உடன்பிறப்பும் தாம்பரத்தில் ஒரு டீச்சர் வீட்டுக்குச் சேர்ந்தே போய்விட்டன. தாய்க்குக் கருத்தடை ஆயிற்று. அடையாளத்துக்கு இடது காது நுனியை வெட்டி விட்டிருக்கிறார்கள். இப்போது பார்க்கிங்கில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் படுத்திருக்கிறது. பால்கனி வலை வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் மிளகின் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி புடைக்கிறது. என் கணவர் அந்த வாலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் மணலைச் சலிக்கப் போய்விடுவார்.