நானோகிராமில் தண்ணீர் எவ்வளவு?

கொலாஜன் மூன்று சுருள் இழைகளால் ஆனது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எழுதினார்கள். கங்காரு வாலின் தசைநாண் மீது எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் கண்ட முடிவு அது. புரதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்த வட்டாரம் அன்றே ஒரு பெரிய விடை தந்துவிட்டது. அதே புரதம் ஓர் உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ தொட்ட கணத்தில் என்ன செய்கிறது என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐஐடியும் இருக்கும் அடையாறு சர்தார் படேல் சாலையில் இது வெறும் ஏட்டுக் கேள்வி ஆகாது. பதனிடும் தோல், புண்ணின் மேல் போடும் கொலாஜன் சவ்வு, எலும்புக்குள் இறங்கும் டைட்டேனியம் திருகு எல்லாவற்றிலும் முதலில் நடப்பது புரதம் ஒரு பரப்பில் ஒட்டுவதுதான்.

இதை அளக்கப் பரவலாகப் பயன்படும் கருவி குவார்ட்ஸ் படிக நுண்தராசு; ஆய்வுக்கூடத்தில் ‘கியூசிஎம்’ என்பார்கள். தங்கம் பூசிய மெல்லிய குவார்ட்ஸ் வில்லை நொடிக்கு ஐம்பது லட்சம் முறை அதிர்கிறது. அதன்மேல் எது ஒட்டினாலும் அதிர்வு குறையும். சாவர்பிரே 1959இல் தந்த சமன்பாட்டின்படி, இத்தகைய படிகத்தில் ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது என்று பொருள். புரதத்துக்குச் சாயம் ஏற்ற வேண்டாம், உலர்த்த வேண்டாம். ஒட்டுவதும் கழன்று போவதும் நடக்க நடக்கத் திரையில் தெரியும். இந்த வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நேரத்தோடு நகரும் அந்தக் கோடு, கடைசியில் கிடைக்கும் எடையை விடப் பல மடங்கு அதிகம் சொல்லும்.

ஆனால் கட்டுரைகளில் அச்சாவது பெரும்பாலும் கடைசி எடை மட்டுமே. அந்த எடையில்தான் சிக்கல். சாவர்பிரே கணக்கு போட்டது விறைப்பான, மெல்லிய படலத்துக்கு. நீரில் ஊறிய புரதமோ குழைவானது. தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு அதிரும். தராசு இரண்டையும் சேர்த்தே நிறுக்கும். அதே படலத்தை ஒளிவிலகலைக் கொண்டு அளக்கும் எஸ்பிஆர் கருவியில் வைத்தால் எடை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ வரலாம். இரண்டும் சரியான அளவுகளே. அளந்த பொருள்தான் வேறு.

ஸ்வீடனில் ஃப்ரெட்ரிக் ஹூக்கும் உடன் உழைத்தவர்களும் 2001இல் கடல்சிப்பியின் ஒட்டுப் புரதத்தில் இதைத் துலக்கமாகக் காட்டினார்கள். படிந்த படலத்தில் வேதிமுறையால் குறுக்குப் பிணைப்பு ஏற்படுத்தியதும் அதன் தடிமன் சுமார் 20 நானோமீட்டரிலிருந்து 5 ஆகச் சுருங்கியது. கியூசிஎம் எடையை மட்டும் பார்த்தவர் புரதம் கழன்றுவிட்டது என்றே எழுதியிருப்பார். உண்மையில் வெளியேறியது இடையில் இருந்த தண்ணீர். தோல்காரர்களுக்கு இது புதிதில்லை. குரோமியம் ஏற்றிப் பதனிடுவதும் கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் வேலைதான்; ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் சுருங்கிவிடும் பச்சைத் தோல் அதன்பின் 100 டிகிரியையும் தாங்குகிறது. எனவே எடையோடு, அதிர்வு எவ்வளவு விரைவில் தணிகிறது என்ற அளவையும், முடிந்தால் ஓர் ஒளிக்கருவியின் அளவையும் சேர்த்து வெளியிடாத முடிவை அரைகுறை என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. சோதனைகள் பெரும்பாலும் ஒரே ஒரு தூய புரதத்தை உப்புக்கரைசலில் ஓடவிடுகின்றன. ரத்தம் அப்படி இருப்பதில்லை. லியோ வ்ரோமன் 1960களில் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டியபடி, முதலில் வந்து ஒட்டுவது ஏராளமாக இருக்கும் ஆல்புமின். பிறகு, ரத்த உறைவுக்கான புரதமான ஃபைப்ரினோஜன் அதை விலக்கி இடம் பிடிக்கும். அதையும் வேறொன்று பெயர்க்கும். தனி ஆல்புமினின் எடை இந்த இடமாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முழுப் பிளாஸ்மாவை ஓடவிட்டால் அதன் பிசுக்கே அதிர்வைக் குறைத்துவிடும். அதைக் கழிக்கக் கழுவினால் தளர்வாக ஒட்டியவை போய்விடும். பரப்பும் அசலில்லை: கண்ணாடிபோல் வழவழப்பான தங்கத்தின் மேல் கிடைத்த முடிவைக் கடைந்தெடுத்த திருகுக்கு அப்படியே பொருத்த முடியாது. வேறு கருவிக்கு மாறினாலும் குறை தீராது: அணுவிசை நுண்ணோக்கியால் மூலக்கூறை இழுத்துப் பார்க்கும் முறையிலும், பிடி விடும் விசை இழுக்கும் வேகத்தைப் பொறுத்து மாறுகிறது.

இந்தக் குறைகளின் விலையை நோயாளி கொடுக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தில் உருவாகி, சென்னையின் டிடிகே குழுமம் தயாரிப்புக்கு எடுத்துக்கொண்ட சித்ரா இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வின் விலை எட்டாதவர்களுக்கு அது உயிர் தந்தது. ஆயினும் உலகின் எந்த இயந்திர வால்வையும்போல, அதைப் பொருத்திக்கொண்டவரும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும், மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஏதாவது ஒரு லேபில் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை செய்து மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஃபைப்ரினோஜன் குறைவாக ஒட்டும் பரப்பு என்று எத்தனையோ கட்டுரைகள் வந்தும் அந்த மாத்திரையை நிறுத்த முடியவில்லை.

ஒரு காரணம் தெரிந்ததே. சதுர சென்டிமீட்டருக்குப் பத்து நானோகிராமுக்கும் குறைவான ஃபைப்ரினோஜன் இருந்தாலே தட்டணுக்கள் தாராளமாக வந்து ஒட்டிவிடும். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் அது கருவியில் ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழ். ஒட்டிய புரதம் உருமாறித் தட்டணு பற்றும் இடத்தைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதே அங்கே தீர்மானிக்கிறது. அந்த இடத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை அதே படிகத்தின் மேல் அடுத்து ஓடவிட்டால் கருவி அதையும் காட்டும். கூடுதலாக ஒரே ஒரு படி. அதைச் செய்யாமல் ஒரு பொருளை ரத்தத்துக்கு உகந்தது என்று முடிவுரையில் எழுதும் ஆய்வேட்டை மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.