கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்

ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்வோர், வேப்பிலையையே ஆடையாக உடுத்திக்கொண்டு வலம் வரும் பெண்களைக் காணத் தவறுவதில்லை. சவ்வாது மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கி இன்று வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே சிற்றூராகிவிட்ட இவ்வூரின் பெயரை வட தமிழகத்துச் சிற்றூர்கள் இந்த நேர்த்திக்கடனோடு சேர்த்தே அறிந்திருக்கின்றன. வேப்பிலை உடுத்தியவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். மகனுக்கு அம்மை கண்டபோதோ, மகளுக்குக் காய்ச்சல் தணியாதிருந்தபோதோ நேர்ந்துகொண்ட தாய்மாரும் அவர்களுள் உண்டு. நோய் கண்ட உடல் ஒன்று, கடன் தீர்க்கும் உடல் வேறொன்று. நம் வழிபாடு வேறு. ஆயினும் அந்தத் தாய்மார் நன்கறிந்த ஒன்றை நம் எழுத்தாளர்கள் அறிந்திருக்கிறார்களா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஒரு பிள்ளை நோயில் விழும்போது அவ்வீட்டில் உள்ள அனைவரும் விழுகிறார்கள். நோயுற்ற இளையோரைப் பற்றி நாம் எழுதுவனவற்றில் இது எங்கே பதிவாகிறது?

நாளிதழ்களின் ஞாயிறு மலர்களும் தன்னம்பிக்கை நூல்களும், ஏன், நம் சமய இதழ்களும்கூட இவ்வகைக் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு வைத்திருக்கின்றன. முதற்பத்தியில் துறுதுறுவென்ற பிள்ளை. இரண்டாம் பத்தியில் பேரிடி. மூன்றாம் பத்தி தவறாமல் 'ஆனால் மனம் தளரவில்லை' என்று தொடங்கும். பிறகு தேர்வு மதிப்பெண், பரிசு, பாராட்டு விழா. ஏறக்குறைய இறுதியில், பெற்றோரின் ஆதரவும் பெரிதும் துணைநின்றது என்று ஒரே ஒரு வாக்கியம். என் முறையீடு அந்த ஒற்றை வாக்கியத்தின்மேல்தான். பதினைந்து ஆண்டுப் பணிவிடை 'ஆதரவு' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கப்படுகிறது. ஆதரவு என்றால் என்ன? அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து எதைச் செய்வது அது? கட்டுரையாளர் கேட்பதில்லை, வாசகரும் கேட்கப் பழகவில்லை.

நம் மாவட்டத்திலேயே இருக்கும் ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு இதனைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைவராயிருந்த ப்ரீத்தி சீனிவாசன், நல்ல நீச்சல் வீராங்கனையும் ஆவார். 1998 ஜூலையில், பதினெட்டு வயதில், புதுச்சேரிக் கடலில் நேர்ந்த விபத்தால் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. இது நோயன்று, விபத்து என்று வாசகர் சொல்லலாம். ஆனால் அன்றுமுதல் வீட்டில் நடந்தவை நெடுநோயாளி ஒருவரின் வீட்டில் நடப்பவையே. பெற்றோர் மகளை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் குடியேறினர். 2007இல் தந்தை மறைந்தார். தாயின் காலத்துக்குப்பின் மகளை யார் பார்ப்பார் என்ற கேள்வி அப்போதுதான் அவ்வீட்டில் முழு உருவோடு வந்து நின்றது. அக்கேள்வியிலிருந்தே, தண்டுவடப் பாதிப்புற்றோருக்காக 2013இல் 'சோல்ஃப்ரீ' என்னும் அமைப்பு தோன்றியது. இவரைப் பற்றி வந்த கட்டுரைகளில் கிரிக்கெட்டும் விருதுகளும் பக்கம் பக்கமாக உள்ளன. 1998க்கும் 2007க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளோ இரண்டு வரிகளில் கடந்துபோகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளே அக்குடும்பத்தின் காவியம் என்பேன்.

அவ்வாண்டுகளில் அப்படி எழுதத்தக்கது என்ன உண்டு என்று கேட்போர், வேலூரை நெருங்கும்போது வரும் பாகாயத்தில் சற்று இறங்கிப் பார்க்கலாம். விபத்தொன்றில் தாமே நடக்கும் ஆற்றலை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் உருவான மறுவாழ்வு நிலையம் அங்கே இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் இருந்து பழக வேண்டிய இடம் அது. உணர்வற்ற உடலை ஒரே பக்கமாகக் கிடத்தினால் படுக்கைப்புண் வரும். ஆகவே ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அப்படியானால் ஓர் இரவில் மூன்று நான்கு முறை யாரோ எழுந்தாக வேண்டும். சிறுநீர்க் குழாயைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கும்போது தூக்குபவரின் இடுப்பு முறியாதிருக்கக் கற்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: இரவுக்கு மூன்று முறை என்றால் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேல். 'ஆதரவு' என்னும் சொல்லின் பொருள் இதுவே.

இதில் வளரிளம் பருவத்துக்கென்றே ஒரு தனித்துயர் உண்டு. கைக்குழந்தையைத் தாய் குளிப்பாட்டுவது இயல்பு. முதியவரை மக்கள் குளிப்பாட்டுவது கடமை. பதினாறு வயதுப் பிள்ளையோ அப்போதுதான் தன் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளக் கற்றிருக்கிறது. தன் உடல் தனக்கே உரியது என்று அறிந்து நாணும் காலம் அது. நோய் வந்ததும் கதவு மறுபடியும் திறக்கப்படுகிறது. ஆடை மாற்றவும், கழிப்பறைக்குத் தூக்கிச் செல்லவும் தாயும் தந்தையும் உள்ளே வருகிறார்கள். அப்பிள்ளை தாயின்மேல் எரிந்து விழுவதும், தந்தையின் முகத்தைப் பாராமல் திரும்பிக்கொள்வதும் நன்றியின்மையால் அன்று. இதை அறியாமல் எழுதப்படும் நோய்க்கதை எதுவும் எனக்குப் பொய்யாகவே படுகிறது.

நம் பழைய இலக்கியம் இத்தகைய குறையை எப்போதும் உடையதன்று. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் வரலாற்றைச் சேக்கிழார் அமைத்திருக்கும் முறையை நோக்குக. சூலைநோயால் துடித்த மருணீக்கியாரின் கதைக்கு முன்னரே அவர் தமக்கை திலகவதியாரின் கதை வந்துவிடுகிறது. பெற்றோர் இறந்தனர். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கை, தம்பி ஒருவனுக்காக உயிர் தாங்கினார். நோய் வருமுன்னரே, அந்நோயாளிக்காக ஒருத்தி எதையெல்லாம் இழந்திருக்கிறாள் என்று கற்போர்க்குத் தெரிந்துவிடுகிறது. பின்னர் தம்பி சமணப் பள்ளியிலிருந்து ஆளனுப்பி அழைக்கும்போது அவர் அங்குச் செல்ல மறுக்கிறார். நோயுற்றவர் கேட்டதையெல்லாம் செய்வதே அன்பு என்று அக்கவிஞர் எண்ணவில்லை. சமயப் பூசலின் சாயல் அப்பகுதியில் உண்டு, அதை விட்டுவிடலாம். இருளில் வந்து காலில் விழும் தம்பியும் அவரைத் தாங்கும் தமக்கையுமாக அக்காட்சி இருவருக்கும் உரியதாய் நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் தமக்கைக்கு அளித்த இடத்தை இன்றைய ஞாயிறு மலர் தாய்க்கு அளிப்பதில்லை.

நம் வீடுகளில் இப்போது பரவலாக வாசிக்கப்படும் இளம் அருளாளர்களின் வரலாறுகளுக்கு வருவோம். இத்தாலியின் சசெல்லோவில் 1971இல் பிறந்த கியாரா பதானோ, பதினோர் ஆண்டுக் காத்திருப்புக்குப்பின் பிறந்த ஒரே மகள்; தந்தை சரக்குந்து ஓட்டுநர். 1988இல் டென்னிஸ் ஆடும்போது தோளில் எழுந்த வலி எலும்புப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1990 அக்டோபர் 7 அன்று, பத்தொன்பது வயது நிறைய மூன்று வாரமிருக்க, இறந்தார். 2010இல் அருளாளராக உயர்த்தப்பட்டபோது பெற்றோர் இருவரும் அங்கிருந்தனர். இவரைப் பற்றிய நூல்களும் துண்டு வெளியீடுகளும் மீண்டும் மீண்டும் காட்டுவது ஒரு புன்னகையை. மார்ஃபினை மறுத்ததையும், மணப்பெண்ணின் வெள்ளாடையில் அடக்கம் செய்யக் கேட்டதையும் சொல்கின்றன. தவறில்லை, அவை நடந்தவை. ஆனால் அதே வரலாற்றில் கிடக்கும் வேறு இரண்டு செய்திகளை நம் எழுத்தாளர்கள் விரைந்து தாண்டுகிறார்கள்.

தன் நோயின் தன்மையை அறிந்து வீடு திரும்பிய நாளில் அவர் படுக்கையில் விழுந்து, இப்போது பேசாதே என்று தாயிடம் சொன்னார். இருபத்தைந்து நிமிடம் கழிந்தது. அதன்பின்தான் புன்னகை வந்தது. வரலாறு எழுதுவோர் அந்தப் புன்னகையைப் பற்றிக்கொள்கிறார்கள். அந்த இருபத்தைந்து நிமிடமும் வாய் திறவாமல் இருந்த மரிய தெரேசாவை யார் எழுதுவது? ஆறுதல் சொல்லத் துடிக்கும் நாவை அடக்கிக்கொண்டு ஒரு தாய் இருந்தது நோயாளியின் வீரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. மற்றொன்று தந்தையைப் பற்றியது. மகள் தங்கள்முன் மட்டும் புன்னகை செய்கிறாளோ என்று ஐயுற்று அவர் சாவித்துவாரத்தின் வழியே பார்த்தாராம். பதினேழு வயது மகளின் அறைக்கதவுக்கு வெளியே குனிந்து நிற்கும் ஒரு சரக்குந்து ஓட்டுநர்! இவ்வரலாறு முழுவதிலும் என்னை நிறுத்திவைக்கும் இடம் இதுதான். மகளின் பொறுமையை நம்ப முடியாத அளவுக்கு அவளை நேசித்த மனிதர் அவர். காதலர் நாளன்று தாயையும் தந்தையையும் உணவகத்துக்கு அனுப்பி, நள்ளிரவுக்கு முன் திரும்பக் கூடாது என்று மகள் கட்டளையிட்டதும் உண்டு. தான் இல்லாத வீட்டில் அவ்விருவரும் வாழப் பழக வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கிறார். இங்கே தாங்குபவர் யார், தாங்கப்படுபவர் யார்?

புன்னகையை மட்டும் அச்சிடுவதால் விளையும் தீங்கு சிறிதன்று. கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் பிள்ளை ஒன்று, முடி உதிர்ந்த தலையோடு, இத்தகைய நூலைக் கையில் வாங்குகிறது. நலம் விசாரிக்க வந்த உறவினர் அன்போடு கொடுத்ததுதான். தான் இரவெல்லாம் அழுததும், அம்மாவின்மேல் தட்டை வீசியதும் அப்பிள்ளைக்கு நினைவு வருகிறது. தன் நம்பிக்கை குறைவுபட்டது என்று அது முடிவு செய்துவிட்டால், அந்தப் பழி எழுதியவருக்கும் உரியது.

இதற்கு மாற்றாகத் தாயைத் தியாகத் திருவுருவாக்கி எழுதுவோரும் உளர். அதுவும் வேறு வகையில் அவரை மறைப்பதே. உறங்காத, சலிக்காத, கணவனிடம் ஒருநாளும் சீறாத தாயை எழுதுவது, அவருக்கு ஓய்வு தேவையில்லை என்று எழுதுவதாகும். அண்ணனின் கல்லூரிப் படிப்பு நின்றுபோனதும், தங்கையின் முதல் நற்கருணை விழா யாருக்கும் நினைவின்றிக் கடந்ததும், நகை அடகுக்குப் போனதும் இந்தத் திருவுருவத்தின் பின்னால் மறைந்துவிடுகின்றன. இச்சுமை பெரும்பாலும் பெண்கள்மேலேயே இறங்குகிறது என்பதையும் மரியாதையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

எழுதுவோர் எங்கே கற்பது என்றால், கையருகிலேயே ஒரு நூல் உண்டு. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் யாயிரின் மகளுக்கு வயது பன்னிரண்டு. தொழுகைக்கூடத் தலைவராகிய தந்தை மக்கள் கூட்டத்தின் நடுவே காலில் விழுந்து மன்றாடுகிறார். வழியில் கதை தடைப்பட்டு, இரத்தப்போக்கால் பன்னிரண்டு ஆண்டு வருந்திய ஒரு பெண் இடையே நுழைகிறாள். அவளுக்காக மன்றாட ஒருவரும் வரவில்லை. மருத்துவர்களிடம் உடைமையெல்லாம் இழந்து, தனியாக, பின்னாலிருந்து ஆடையைத் தொடுகிறாள். வீடுள்ள நோயாளியையும் வீடற்ற நோயாளியையும் ஒரே கதைக்குள் பின்னியிருக்கிறார் மாற்கு. இயேசு அவளை 'மகளே' என்று அழைக்கிறார். அவளுக்கு இல்லாதிருந்த உறவுச்சொல் அது. திருவண்ணாமலை அமைப்பைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இவளே நினைவுக்கு வருகிறாள்.

பின்னர் யாயிரின் வீடு. அழுது ஓலமிடும் கூட்டம் வெளியேற்றப்படுகிறது. தந்தையும் தாயும் உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறார்கள். சிறுமி எழுந்து நடக்கிறாள். வேறு எந்தக் கதாசிரியரும் அங்கே முடித்திருப்பார். மாற்கு, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி இயேசு சொன்னதைக் கூறி முடிக்கிறார். உயிர் பெற்றெழுந்தவளுக்குப் பசிக்கும் என்பதும், யாரோ அடுப்பு மூட்ட வேண்டும் என்பதும் அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது. இதே நிகழ்ச்சியை மத்தேயு சுருக்கமாகச் சொல்கிறார். அவரிடம் சிறுமியின் வயதும் இல்லை, தாயும் இல்லை, உணவும் இல்லை. லூக்கா மூன்றையும் காத்துக்கொண்டார். அவரை மருத்துவர் என்று மரபு கூறுகிறது.