தோலும் குரலும்

ரசனை அந்தரங்கமானது, அதில் வாதத்துக்கு இடமில்லை என்கிறார்கள். விமர்சனத்திலிருந்து தப்பித்துக்கொள்ள இதைவிடச் சௌகரியமான வழி கிடையாது. நானும் வெகுகாலம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று பாடுகிறவர்களில் எனக்கு உகந்தவர்கள் இருவர்: சஞ்சய் சுப்ரமணியன், டி. எம். கிருஷ்ணா. சஞ்சயிடம் ராகம் ஓர் உடலுழைப்பு. கனத்த குரலைக் கட்டி இழுத்து மேலே ஏற்றி, ஏறியபின் அங்கே நின்று விளையாடுகிறார். தமிழ்ச் சொல்லைக் கரையவிடாமல் பாடுகிறவர். 'தமிழும் நானும்' என்ற பெயரிலேயே கச்சேரிகள் செய்தவர். கிருஷ்ணாவிடம் எனக்கு முக்கியம் காலப்பிரமாணம். அவ்வளவு தாழ்ந்த நடையில் மௌனத்தையும் பாட்டின் அங்கமாக்க அவரால் முடிகிறது. கச்சேரித் தொடக்கத்துச் சம்பிரதாயமாகிவிட்ட வர்ணத்தை நடுவே கொண்டுவந்து பிரதானமாகப் பாடியதிலும் யோசனை இருக்கிறது.

ஆனால் 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று அவர் பாடிய 'பொறம்போக்கு' பாட்டு? அதன் கோபம் என்னுடையதும்தான். கேட்டு முடித்தபின் சொற்கள் என்னிடம் தங்கின, ராகங்கள் தங்கவில்லை. நோக்கம் சரியாக இருப்பதால் பாட்டும் சரியாகிவிடாது. இதைச் சொல்லத் தயங்குகிறவனைத் தொண்டன் என்று அழைக்கலாம்.

இத்தோடு நிம்மதியாக இருந்திருப்பேன். அவருடைய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) விடவில்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிய புத்தகம். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். தோலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். வெளியீட்டுக்கு அரங்கு தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா பின்வாங்கியது.

நான் இருப்பது பேரணாம்பட்டில். தோல்தான் இவ்வூரின் சோறு. பாங்கில் என் கவுண்டருக்குள் நீளும் கைகளில் பல, டேனரிக் கைகள். மிருதங்கத் தோல் இங்கே செருப்புக்குப் பதனிடும் தோல் அல்ல என்பது தெரியும். ஆனாலும் காற்று இந்தப் பக்கம் திரும்புகிற நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாட்டுக் கேட்க உட்காருவேன். தோலின் வாடைக்கு வெளியே இடம், அதன் நாதத்துக்கு உள்ளே. என் அந்தரங்க ரசனையின் லட்சணம் இதுதான்.

சஞ்சயின் குரல் இதனால் எனக்குக் குறைந்துவிடவில்லை. பொறம்போக்குப் பாட்டு உயர்ந்துவிடவும் இல்லை. ஆனால் தனி ஆவர்த்தனம் வந்தால் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறவனாக இருந்தேன். இப்போது தள்ளுவதில்லை.