எண்ணுபவர் தம்மை எண்ணாமை: தமிழ்க் கிறித்தவ எழுத்தில் தாழ்மையும் மாய்மாலமும் – பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு வாசிப்பு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை மொழிநடை, யாப்பு, காப்பிய அமைப்பு ஆகிய நிலைகளில் ஆராய்வது நிலைபெற்ற மரபாகும். அவ்விலக்கியம் தன் சமூகத்தை நோக்கியே எழுப்பிய அறக்கேள்விகளும் ஆய்வுக்குரியன. தாழ்மையைப் போதிக்கும் சமயத்தில், போதிப்பவரின் செருக்கை யார் கண்டறிவது என்பது அக்கேள்விகளுள் முதன்மையானது. வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார் ஆகிய இருவரையும் முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. கனடாவின் மொன்றியல் மாநகரில் ஈழத்தமிழர் குடியேறி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி இதன் வாசிப்புக் களமாகக் கொள்ளப்படுகிறது. அறத்தை அளப்பவர் தம்மை அளவுக்கு வெளியே நிறுத்திக்கொள்வதே மாய்மாலம் என்பதும், அந்த அளவுக்குள் தம்மை முதலில் நிறுத்துவதே தாழ்மை என்பதும் கட்டுரையின் துணிபு.

சொல்லும் பொருளும்

சீர்திருத்த சபையினரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு ‘மாயக்காரர்’ எனக் குறிப்பவரை, 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு ‘வெளிவேடக்காரர்’ என்கிறது. மூலக் கிரேக்கச் சொல் நாடக மேடையில் நடிப்பவனைக் குறித்தது. ஆதலின் பின்னைய சொல் மூலத்துக்கு நெருக்கமானது. முன்னையதோ பிறரை ஏமாற்றுதலை அழுத்துகிறது. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் நிலை ஒன்று உண்டு. மேடையில் நடிப்பவன் தான் நடிப்பதை அறிவான். சமய வாழ்வில் ஆழமான மாய்மாலம், நடிப்பவர் தம் நடிப்பை மறந்துவிட்ட நிலையாகும்.

‘தாழ்மை’ என்ற சொல்லும் கவனத்துடன் கையாளத்தக்கது. தாழ்வு பிறரால் சுமத்தப்படக்கூடியது. தாழ்மை தானே ஏற்பது. பிலிப்பியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம், உயர்நிலையில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கியதைத் தாழ்மையின் முன்மாதிரியாகக் காட்டுகிறது. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகார உவமையில் கோவிலின் தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொள்ளும் ஆயக்காரனும் வறியவன் அல்லன். உரோமைப் பேரரசின் வரிதண்டும் அமைப்பில் பயனடைந்தவன். இரு இடங்களிலும் தாழ்மை வறுமைக்கு மறுபெயராகவில்லை.

தமிழ் அற மரபும் இவ்வேறுபாட்டை அறிந்தது. திருக்குறள் 13ஆம் அதிகாரத்தில் அடக்கமுடைமையைப் போற்றிய பின்னர், 28ஆம் அதிகாரத்தில் துறவுக்கோலம் பூண்டவரின் கூடாவொழுக்கத்தைக் கண்டிக்கிறது. அக்கண்டனம் நோன்பை மறுக்கவில்லை. நோன்பின் தோற்றத்தைப் பிற ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதையே மறுக்கிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இவ்விரு அதிகாரங்களையும் சொல் சொல்லாகக் கடந்து வந்தவர் என்பது நினைக்கத்தக்கது.

குருவும் சீடரும்

வீரமாமுனிவர் 1727இல் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’, மறைபரப்புப் பணியில் துணைநின்ற உபதேசியார்களுக்குரிய உரைநடை நூல். இதில் ‘வேதியர்’ என்பது உபதேசியாரைக் குறிக்கிறது. பிறப்பால் உயர்ந்தோருக்கு வழங்கிய சொல் பணியால் தகுதி பெறுவோருக்கு மாற்றப்பட்டுள்ளது. போதனைக்கு முன் போதிப்பவரின் ஒழுக்கமே சீராக வேண்டும் என்ற நோக்கை நூலின் தலைப்பே உணர்த்துகிறது.

அவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ நகைச்சுவை நூலாகவே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. ஆற்றைக் கடந்த குருவும் மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்னும் ஐந்து சீடரும் தம்மை எண்ணிப் பார்க்கும் நிகழ்ச்சி அதில் புகழ்பெற்றது. எண்ணுபவர் ஒவ்வொரு முறையும் தம்மை எண்ணாமல் விடுவதால் ஒருவர் குறைகிறார். ஆறு அவரை விழுங்கிவிட்டதென அனைவரும் அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் மீதும் தடியால் அடித்து எண்ணச் செய்தபின்பே கணக்கு நேராகிறது.

இந்நிகழ்ச்சியை அறநோக்கில் வாசித்தால், மாய்மாலத்தின் இலக்கணம் இதில் உருவகமாக அமைந்திருப்பது புலனாகும். இங்கே எவரும் பொய் சொல்லவில்லை, எண்ணிக்கையிலும் அக்கறையிலும் குறைவில்லை, கண்ணீரும் மெய்யானதே. பார்ப்பவர் தம்மைப் பார்க்கவில்லை என்பது ஒன்றே பிழை. தம்மைக் கணக்கில் சேர்க்கும் அறிவு குருவிடமிருந்து வராமல், மடத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவனின் அடியால் வருவதும் பொருள் செறிந்தது.

இவ்வளவுகோல் அதை வழங்கியவருக்கும் பொருந்தும். தரங்கம்பாடி லுத்தரன் சபையினரை எதிர்த்து வீரமாமுனிவர் கண்டன நூல்கள் எழுதினார். சமய வாதம் அக்கால வழக்கமே. ஆயினும், தன் சபையின் குறைகளை எண்ணாது மாற்றுச் சபையின் குறைகளை எண்ணும் கண்டன நடை, ஆற்றங்கரைக் கணக்கை நினைவூட்டாமல் இல்லை.

தஞ்சைச் சபையின் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தஞ்சைச் சபை வரலாறு இச்சிக்கலை மேலும் தெளிவாக்குகிறது. ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ முதலிய நூல்களால் தமிழ்க் கிறித்தவ இசைக்கும் வழிபாட்டுக்கும் தனி வடிவம் தந்தவர். தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாரின் நடவடிக்கைகளை அவர் கொடுமைகளாகக் கண்டித்தார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, பண்டிகைகளில் பூக்களைத் தடுத்தது, வழிபாட்டில் தமிழ் இசையை ஒடுக்கியது, சபையில் சாதி வேறுபாட்டை விலக்க வற்புறுத்தியது ஆகிய நான்கும் அவர் குறைகூறியவை. பூசல் முற்றி 1829இல் அவர் பணி இழந்தார். 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை அறவே கைவிடுமாறு சபைகளுக்கு ஆணையிட்டார்.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. மொழி, மலர், இசை ஆகியவற்றில் சாஸ்திரியாரின் குறை நியாயமானது. ஒரு பண்பாட்டின் வழிபாட்டுரிமையை அயலார் ஆணையால் மாற்ற முனைந்த செருக்கை அவர் சரியாகவே கண்டார். ஆனால் சாதியைச் சமயத்தின்பாற்படாத உலகியல் மரியாதையாக அவர் வாதிட்டபோது, தனித்தனியே அமரவைக்கப்பட்டும் நற்கருணையில் பிற்பட நிறுத்தப்பட்டும் இருந்த தலித் கிறித்தவரின் காயம் அவர் கணக்கில் சேரவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு, தம் தரப்பு பிறருக்கு இழைக்கும் அவமதிப்பை மறைத்தது. மறுபுறம், சமத்துவத்தை ஆணையாகப் பிறப்பித்த மிஷனரிமாரும் ஆளும் இனத்தவர் என்ற தம் உயர்நிலையை அதே அளவுகோலால் அளக்கவில்லை. இரு தரப்பும் பிறரை எண்ணின.

இதனால் சாஸ்திரியாரின் பாடல்களில் உள்ள பக்தி பொய் என்றாகாது. மெய்யான பக்தியுடனும் இக்குருட்டுத்தன்மை உடன்வாழக்கூடும் என்பதே இவ்வரலாறு தரும் கடினமான பாடம்.

வேலியின் இருபுறம்

பார்க் எக்ஸ்டென்ஷன் ஏறத்தாழ 1.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, மக்கள் நெருக்கம் மிக்க வாடகைக் குடியிருப்புப் பகுதி. முன்னர்க் கிரேக்கக் குடியேறிகளும் பின்னர்த் தெற்காசியரும் இங்குப் பெருமளவில் வாழ்ந்தனர். 1983க்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலருக்கு மொன்றியலில் முதற் புகலிடம் இதுவே. இதன் மேற்கெல்லையில், அக்காடி பெருஞ்சாலை ஓரமாக, செல்வம் மிக்க மவுண்ட் ரோயல் நகரம் 1960இல் கம்பிவேலி ஒன்றை எழுப்பியது. அவ்வேலி சமூகப் பிரிவினையின் அடையாளமாகப் பலராலும் சுட்டப்பட்டு வந்துள்ளது.

இவ்விடத்திலிருந்து வாசிக்கையில் மேற்கண்ட நூல்கள் இரண்டு எச்சரிக்கைகளைத் தருகின்றன. ஒன்று, வேலியின் ஏழைப்புறத்தில் வாழ்வதாலேயே ஒருவருக்குத் தாழ்மை வாய்த்துவிடாது. வேலிக்கு அப்பாலிருப்போரின் செருக்கை எண்ணுகின்ற சமூகம், ‘ஊரில் எவடம்?’ என்ற எளிய கேள்வியால் தனக்குள் வேலி கட்டுவதையும் எண்ண வேண்டியுள்ளது. ஊரையும் குறிச்சியையும் அறிந்து அதன்வழி சாதியை உய்த்துணரும் அக்கேள்வி கடல் கடந்தும் வழக்கிழக்கவில்லை. கேட்பவர் அதை நலம் விசாரிப்பாகவே கருதக்கூடும். தன்னை மறந்த நடிப்பு என்பது அதுவே.

மற்றொன்று, தாழ்மையை யாருக்குப் போதிப்பது என்பது. இரவுப் பணி முடித்து வழிபாட்டுக்கு வரும் தொழிலாளிக்கோ, வதிவிட அனுமதிக்குக் காத்திருப்பவருக்கோ ‘தாழ்ந்திரு’ எனக் கூறுவது அவர் ஏற்கெனவே சுமக்கும் தாழ்வுக்குச் சமய முத்திரை இடுவதாகும். சபை நிருவாகம், கணக்கு, மேடை, முன்வரிசை ஆகியவற்றில் இடம்பெற்றவர்க்கே அப்போதனை முதலில் உரியது. தம்மைப் ‘பாவியாகிய அடியேன்’ எனக் கூறிக்கொள்வதும் இதற்கு ஈடாகாது. காப்பியப் புலவரின் அவையடக்கத்தை அவை மரபென அறிந்தே ஏற்றது. அதனால் எவருக்கும் தீங்கில்லை. வழிபாட்டு மொழி அத்தகைய மரபுத்தொடராக மட்டும் எஞ்சும்போது, சொல் தாழ்ந்திருக்க இருக்கை உயர்ந்தே இருக்கிறது.

முடிவுரை

தமிழ்க் கிறித்தவ எழுத்து மாய்மாலத்தைக் கண்டிப்பதில் குறை வைக்கவில்லை. கண்டிப்பவரையும் கணக்கில் சேர்க்கும்போதே அக்கண்டனம் முழுமையடைகிறது. பரமார்த்த குருவின் மடம் தன் கணக்கை நேர்செய்ய வெளியாள் ஒருவனை வேண்டியது. தஞ்சைச் சபையில் அவ்விடத்தில் நின்று பேசியிருக்க வேண்டியவர் பின்னே அமரவைக்கப்பட்டவர். பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கே அத்தகுதி உண்டு. அவர் குறை கூறும்போது அதைத் தாழ்மையின்மை எனத் தள்ளாமல், மேலிருப்பவர் தம் கணக்கைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாக ஏற்பதே ஒரு சபையின் தாழ்மையை அளக்கும் நம்பத்தக்க சான்றாகும்.