கரையில் நின்று எழுதிய கடற்போர்: ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் கப்பலும் சேதியும்

ஆனந்தரங்கப்பிள்ளையை (1709–1761) ‘இந்தியாவின் பெப்பீசு’ எனச் சுட்டுவது தமிழ் உரைநடை குறித்த எழுத்துகளில் வழக்கமாகிவிட்டது. ஒளிவுமறைவின்மை, அன்றாட நிகழ்வுகளைத் தவறாது பதிதல் என்னும் இரு பொதுக்கூறுகளே இவ்வொப்பீட்டுக்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. சாமுவேல் பெப்பீசு இங்கிலாந்துக் கடற்படை நிருவாகத்தில் பணியாற்றியவர் என்பது அநேகமாகப் பேசப்படுவதில்லை. அவர் நாட்குறிப்பு எழுதிய காலத்தில்தான், 1667இல், டச்சுக்காரர் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து ‘ராயல் சார்லசு’ என்னும் முதன்மைப் போர்க்கப்பலைக் கைப்பற்றிச் சென்றனர். இரு நாட்குறிப்புகளும் உண்மையில் சந்திக்கும் இடம் கடற்போரே. அவை பிரியும் இடமும் அதுவே.

பெப்பீசுக்குக் கப்பல் என்பது மரம், பீரங்கி, மாலுமிகளின் கூலிப் பாக்கி ஆகியவற்றால் ஆனது. தோல்விக்குப் பின் எழுந்த விசாரணையில் விடைசொல்ல வேண்டியவர்களுள் அவரும் ஒருவர். பிள்ளையின் நிலை வேறு. அவர் வணிகர், 1747 முதல் புதுச்சேரியின் தலைமைத் துபாசி. அவருக்குச் சொந்தக் கப்பலும் இருந்தது. ஆயினும் போர்க்கப்பலுக்கு ஆணையிடும் அதிகாரம் அவரிடம் இல்லை. புதுச்சேரிக்குத் துறைமுகமும் இல்லை; கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, சரக்கும் ஆளும் சலங்குகளில் கரை சேர்ந்தனர். ஆகவே நாட்குறிப்பில் கப்பல் படிப்படியாகவே உருப்பெறுகிறது. முதலில் தொலைவில் ஒரு பாய், பின்னர்க் கொடி, பின்னர் மரியாதைக் குண்டுகளின் எண்ணிக்கை, இறுதியாகக் கடிதம் அல்லது வாய்மொழிச் சேதி. குண்டுகளைப் பிள்ளை எண்ணிக் குறிப்பதை வெறும் சடங்கு ஆர்வமாகக் கொள்வது பொருந்தாது. கரையில் நிற்பவன் கப்பலை வாசிக்கும் முறை அது.

இவ்வாசிப்பைக் குலைப்பது பிடிபட்ட கப்பல். 1745இல் ஆங்கிலத் தளபதி பார்னெட், சீனத்திலிருந்து சரக்கேற்றி வந்த பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் மூன்றைப் பிடித்துப் பத்தாவியாவில் விற்றார். அவர் அணி பிடித்த மற்றொரு பிரெஞ்சுக் கப்பல், ‘மெட்வேயின் பரிசு’ எனப் பொருள்படும் பெயருடன் ஆங்கிலப் போர்க்கப்பலாகவே மாறியது. (பெப்பீசின் அவமானத்திற்குக் களமான அந்த ஆற்றின் பெயர், ‘மெட்வே’ என்ற கப்பல் வழியாகச் சோழமண்டலக் கரைவரை வந்துவிட்டது.) 1746இல் நாகப்பட்டினத்திற்கு அப்பால் லபூர்தொனேயின் கப்பல்களுக்கும் பெய்ட்டனின் கப்பல்களுக்கும் நடந்த போரில், பிரெஞ்சுக்காரர் கட்டிய அக்கப்பல் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றது. லபூர்தொனேயின் அணியிலும் ‘அசீல்’ ஒன்றே முறையான அரசப் போர்க்கப்பல்; ஏனையவை பீரங்கி ஏற்றிய வணிகக் கப்பல்கள். கட்டுமானத்தையோ கொடியையோ கொண்டு நண்பனையும் பகைவனையும் கரையிலிருந்து உறுதிசெய்ய இயலாத காலம் அது. அப்போரின் நாள்கூட ஒன்றாக இல்லை: ஆங்கிலேயரின் பழைய நாள்காட்டியில் ஜூன் 25, பிரெஞ்சுக்காரருக்கு ஜூலை 6, பிள்ளையின் கணக்கில் அட்சய ஆண்டு ஆனி.

பிள்ளையின் உரைநடை செவிவழிச் செய்தியின் இலக்கணத்தைப் பெற்றதற்கு இதுவே காரணம் எனலாம். யார் சொன்னார், யார் வழியாக வந்தது என்பது செய்தியோடு ஒட்டியே வருகிறது. 1746 செப்டம்பரில் சென்னை வீழ்ந்ததைப் பற்றிய பகுதிகளில், பீரங்கித் தாக்குதலைவிடத் துய்ப்ளே மாளிகையின் உரையாடல்களும், 11 லட்சம் வராகன் மீட்புத்தொகை குறித்த துய்ப்ளே–லபூர்தொனே பூசலுமே மேலோங்குகின்றன. இதைக் குறையாகக் கருதுவோர், நாட்குறிப்பிடம் அதற்குரியதல்லாத ஒன்றைக் கேட்கின்றனர். உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. பிள்ளை துய்ப்ளேயின் ஆள்; லபூர்தொனேயைப் பற்றிய சேதிகள் அந்தச் சார்பின் வழியாகவே வடிகட்டப்படுகின்றன. சேதி சொல்லும்போது சிக்கனமாக இருக்கும் நடை, துய்ப்ளேயை நேரில் புகழும்போது அணிகளால் வீங்குகிறது. இவ்விரு நடைகளையும் பிரித்தறியாமல், 1904–1928இல் 12 தொகுதிகளாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தகவல்களை மட்டும் உருவுவது ஆய்வாகாது.

தமிழ் வாசகரின் கடற்போர்க் கற்பனையை வடித்தது இந்நாட்குறிப்பன்று. சாண்டில்யனின் ‘கடல் புறா’வும், மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயைப் பின்புலமாகக் கொண்ட ‘ஜலதீப’மும்தான். அங்கே வாசகன் கப்பல் தளத்தில், வெல்பவன் அருகில் நிற்கிறான். நாட்குறிப்பைத் தழுவி எழுந்த பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ (சாகித்திய அகாதெமி விருது, 1995) தெருவிலும் வீட்டிலும் வலுப்பெறுவது தற்செயலன்று. கடல்சார் தமிழ் இலக்கியம் எனத் தொகுக்கப்படும் பட்டியல்களில் முன்னவை இடம்பெற, போர் நடந்துகொண்டிருந்தபோதே தமிழில் எழுதப்பட்ட பிள்ளையின் பக்கங்கள் ‘வரலாற்று ஆவணம்’ என்ற பிரிவுக்குத் தள்ளப்படுகின்றன. உள்நாட்டுத் தறிகளில் நெய்து பொதிகளாகக் கரைசேர்ந்த துணி, ஒரு கப்பல் பிடிபட்டதும் யார் கணக்கில் நட்டமாயிற்று என்ற கேள்வியைச் சாகச நாவலின் நாயகன் எழுப்புவதில்லை. துபாசிக்கு அது அன்றாடக் கேள்வி.

பிள்ளையின் இறுதி மாதங்கள் இதன் உச்சம். 1760 அக்டோபரில் ஆங்கிலப் படகுகள் இரவோடிரவாகப் புகுந்து, புதுச்சேரிக் கோட்டைப் பீரங்கிகளின் எல்லைக்குள்ளேயே நின்ற ‘எர்மியோன்’, ‘பலேன்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல்களைக் கொண்டுசென்றன. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயலில் முற்றுகைக் கப்பல்கள் பல அழிந்தன. அவற்றுள் ஒன்றான ‘டியூக் ஆஃப் அக்விட்டேன்’, 1757இல் ஆங்கிலேயரிடம் பிடிபடும்வரை பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகக் கப்பலாக இருந்தது. பிள்ளை அம்மாதத்திலேயே காலமானார். சில நாள்களில் நகரும் வீழ்ந்தது.