கோப்பை அவர்களுடையது, கைதட்டல் யாருக்கு?

பெண்ணைச் சக்தி என்று பாடுவர். சிலையாக்கித் தேரேற்றி இழுப்பர். அவளே அரைக்காற்சட்டை அணிந்து, பந்தை உதைத்துக்கொண்டு திடலில் ஓடிவந்தால், "அச்சம் எங்கே? நாணம் எங்கே?" என்று கேட்பர். அந்தக் கேள்விக்குச் சரியான விடை கூற வந்த படம் என்றுதான் 'பிகில்' படத்தை நம் கம்பம் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் கொண்டாடினர். 2019-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்தது அது. நரகாசுரனைக் கொன்ற கதைக்கு விழா எடுக்கும் நாளில் பெண் விடுதலைப் படமா என்று, சற்றே புன்முறுவலோடுதான் நாமும் கொட்டகைக்குள் நுழைந்தோம்.

நல்லதை நல்லதென்றே சொல்வோம். அமிலத்தால் முகம் வெந்தவள் மீண்டும் களமிறங்குகிறாள். மணமானதும் ஆட்டத்தைத் துறந்த மருமகள் மறுபடி பந்தைத் தொடுகிறாள். தமிழ்த் திரையில் இவை அரிய காட்சிகள். தாய்மார்கள் தம் பெண்மக்களோடு அமர்ந்து கண்டதும் சிறிய செய்தியன்று.

ஆனால், படத்தின் போக்கைப் பாருங்கள்! பதினொரு பெண்கள் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள். படமோ ஒரே ஆணின் பின்னால் ஓடுகிறது. அவன் வராவிட்டால் அவர்களுக்கு வீரம் இல்லை, விவேகம் இல்லை, ஒற்றுமையும் இல்லை. கொடுமை அதனினும் பெரிது: பருத்த உடல் கொண்ட ஆட்டக்காரி ஒருத்தியை, இறுதி ஆட்டத்தின் நடுவே, பயிற்சியாளனே அவளுடைய உடலைச் சுட்டி இழித்துரைக்கிறான். சினம் மூட்டினால் வெற்றி வருமாம்! தெருமுனையில் நின்று ஒருவன் சொன்னால் இழிமொழி, திரையில் நாயகன் சொன்னால் பயிற்சி முறையா? கொட்டகை கைதட்டிற்று. நமக்குக் கை எழவில்லை.

இனி, திரைக்கு வெளியே நடந்ததைக் காண்போம். படத்திலே தமிழ்நாட்டு மகளிர் அணி கோப்பை வெல்கிறது. அது கற்பனையன்று! படம் வருவதற்கு ஏறத்தாழ 20 மாதங்களுக்கு முன்பே, 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று, தேசியக் கோப்பையை நம் பெண்கள் உண்மையாகவே கொண்டுவந்திருந்தனர். 2019 மே மாதத்தில், மதுரையைச் சார்ந்த சேது கால்பந்துக் கழகம், லூதியானாவில் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என வீழ்த்தி இந்திய மகளிர் லீக் பட்டத்தையே பெற்றது. அந்தக் கழகத்தின் பயிற்சியாளர் யார்? அமிர்தா அரவிந்த் என்ற பெண்மணி. ஆண் பயிற்சியாளர் கூடாதென்பது நம் வாதமன்று. ஆண் வந்தாலன்றி வெற்றி வாராது என்ற கதையைத்தான் மறுக்கிறோம்.

மதுரை நமக்கு அயலூரா? தேனி ஒரு காலத்தில் அந்த மாவட்டத்தின் பகுதிதானே! ஆயினும், 'பிகில்' நாயகனின் வசனத்தை ஒப்பிக்கும் நம் தோழர்களிடம் இந்துமதி கதிரேசன் யார், சந்தியா ரங்கநாதன் யார் என்று கேட்டுப் பார்த்தோம், விழித்தனர். கடலூர் மாவட்டத்து மங்கையர் இருவரும். சேது கழகத்திற்கும் ஆடினர், இந்திய அணிக்கும் ஆடினர். இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். மாதச் சம்பளம் தரும் வேலையும் ஆட்டத்திற்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்தப் பதவி சொல்கிறது. படத்திலே பெண்ணுக்கு வேண்டியது நாயகனின் உரை. வாழ்க்கையிலே அவளுக்கு வேண்டியது திடல், உணவு, ஊதியம், ஓய்வு நேரம். இவற்றைத் திரையில் காட்டினால் சீழ்க்கை எழாது போலும்!

பெண்ணால் ஆடமுடியாது என்பதல்ல பழமையின் அச்சம், ஆடிவிடுவாளே என்பதுதான். இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள், உலகப் போர்க் காலத்தில், 1917-இல் அணி திரட்டினர். 1920 டிசம்பர் 26 அன்று அவர்கள் ஆட்டத்தைக் காணத் திரண்டோர் 53,000 பேர். அடுத்த ஆண்டே, "இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று" எனத் தீர்மானித்து, தன் கழகங்களின் திடல்களை அவர்களுக்கு மூடிற்று ஆங்கிலக் கால்பந்துச் சங்கம். அரை நூற்றாண்டு மூடிக் கிடந்தன அக்கதவுகள்! மனுநூல் நம்மூரில் மட்டுமா எழுதப்பட்டது?

ஸ்பெயின் நாட்டுச் சங்கமோ 1980 வரை மகளிர் ஆட்டத்தை ஏற்கவேயில்லை. அந்நாட்டுப் பெண்கள் 2023-இல் உலகக் கோப்பையை வென்றனர். வென்ற மேடையிலேயே, ஜென்னி ஹெர்மோசோ என்ற வீராங்கனையை, அவர் இசைவின்றி முத்தமிட்டார் சங்கத்தின் தலைவர் ரூபியாலஸ். பெண்கள் விடவில்லை; பதவி போயிற்று; 2025-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து அபராதமும் விதித்தது. பெண் பெற்ற வெற்றிக்கு ஆண் உரிமை கொண்டாடுவதில், அந்தத் தலைவர் செய்தது முரட்டுத்தனம். நம் திரைநாயகன் செய்வது அன்பான வடிவம்.

பிரெஸ்டன் தொழிலாளிகளை எண்ணும்போது நம் பள்ளத்தாக்குப் பெண்களே கண்முன் நிற்கின்றனர். விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி, ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் சரிவில் கால் ஊன்றி உழைக்கிறார்கள். அந்தக் கால்களுக்கு வலிமை போதாது என்று எந்த மூடன் சொல்வான்? அவர்களுடைய பெண்மக்கள் பள்ளி விட்டுத் திரும்பும் வழியில் ஊர்த்திடல் இருக்கிறது. மாலையில் அங்கு ஆடுவோர் பையன்கள். பெண்பிள்ளைகள் ஓரமாக நடந்து வீட்டிற்குப் போகிறார்கள், தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள.

சொத்திலே பெண்ணுக்குச் சமபங்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருந்தோம். திடலிலே பங்கு கேட்க அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை, சட்டமன்றமும் கூடவேண்டியதில்லை. வரும் கிராமசபைக் கூட்டத்திலேயே எழுந்து நின்று, வாரத்தில் மூன்று மாலைகள் திடல் பெண்களுக்கு என்று நாம் கேட்கப் போகிறோம். 'பிகில்' பார்த்துக் கைதட்டிய இளைஞர்கள் அன்று எந்தப் பக்கம் கை தூக்குகிறார்கள் என்று பார்ப்போம்.